தண்ணி காட்டுதல்

மூன்றாம் நாளும் மின்சாரம் வரவில்லை.
கிணற்று மோட்டார் ஊமை.
குதிரைத் தொட்டிக்குள் சூடேற்றும் கம்பிச்சுருள்
செத்த பாம்பு.
சுழியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.

ஏரியில் கோடரியால் துளையிட்டேன்.
நாலு பால்கேன், ஒரு சறுக்குவண்டி,
கொட்டில்வரை ஏற்றம்.
வந்து சேர்வதற்குள்
கேன்களின் கழுத்தில் மறுபடி கண்ணாடி.

ருஸ்காவுக்குத் தண்ணி காட்டப் போனேன்.
ருஸ்கா எனக்குத் தண்ணி காட்டினாள்.
உதட்டை நனைத்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
எல்லாவற்றையும் என் பூட்ஸ்மேல் வழியவிட்டாள்,
முற்றத்துக்குப் போய்
நாலு வாய் பனியை நக்கினாள்.

அடி பெண்ணே,
பத்து வாளிப் பனி உருகினால் ஒரு வாளித் தண்ணீர்.
உருக்குகிற விறகும்
உன் வயிற்றிலிருந்துதான் போகிறது.

குதிரைக்கு அடுப்பு உடம்புக்குள் இருக்கிறது.
இரவெல்லாம் உலர்புல் விழுந்துகொண்டே இருந்தால்
இரவெல்லாம் கணகணவென்று எரியும்.
ஆனால் தண்ணீர் சேராத புல்
அடுப்பில்லை,
அடைப்பு.

காலையில் மூன்றே உருண்டை லத்தி,
உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக.
விலாவில் காதை வைத்தேன்.
கயானி நகரத்தில் நான் வாடகைக்கிருந்த அடுக்ககத்தில்
மேல்வீட்டார் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமைபோல்
அப்படியொரு அமைதி.

மெர்வி டாக்டர் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி.
நடுவே சாலைமேல் விழுந்த பைன் மரங்கள்.
போனில் ஆறு சதவீதம் உயிர்.
"உப்பு வை, ஐலி. வெதுவெதுப்பாகக் கொடு.
பீட் சக்கையைக் கஞ்சியாக ஊறவை. நடக்கவிடு.
தானியம் வேண்டாம். விடிவதற்குள் அவள் மட்டும்…"
அத்தோடு போன் அணைந்தது.
மட்டும் என்ன என்று
எனக்கே தெரியும்.

உப்பை உள்ளங்கையில் வைத்தேன்.
உப்பைத் தின்றாள், மோதிரத்தை நக்கினாள்,
தண்ணீரை விட்டுவிட்டாள்.
விறகடுப்பில் சுடவைத்து வந்தேன்:
வேண்டாமாம்.
கொஞ்சம் வெல்லப்பாகு:
விஷம் வைக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
பீட் கஞ்சியில் மூக்கை விட்டுத் தும்மினாள்,
என் கோட்டுக்குப் புதிய நிறம்.
அலமாரியில் ஓட்ஸ் டப்பா லேசாக உரசியதும்
உடனே திறந்தது வாய்.
கடிவாளத்துக்கு இப்படித் திறந்திருக்கிறாயாடி, ஒருநாளாவது?

நள்ளிரவு.
நடத்தினேன். முற்றத்தில் இருபது சுற்று,
அவள் மீசைமயிரில் வெள்ளிக்கம்பிகள்,
என் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டி.
பிறகு, எனக்காக மட்டும்தான்,
ஐந்து நிமிடம் சூடு காய
சவுனாவுக்குள் நுழைந்தேன்.

அங்கே அந்தத் தொட்டி.
சாயங்காலம் குளித்துவிட்டுப் போன ராய்மோ,
என் கணவனின் தம்பி,
எதையும் எடுத்த இடத்தில் வைக்காத பிறவி,
பிர்ச் இலைக்கொத்தை ஊறவைத்த தண்ணீரை
அப்படியே விட்டுப் போயிருந்தான்.
திட்டிக்கொண்டேதான் குனிந்தேன்.
சோப்பு நுரை இல்லை. இன்னும் இளஞ்சூடு.
தேநீர் நிறத்தில் கொஞ்சம்
ஜூன் மாதம்.

வாளியில் மொண்டு வைத்தேன்.
மூக்குத்துவாரம் விரிந்தது.
மேலுதடு ஓர் இலையை ஒதுக்கியது,
இன்னொன்றை மென்று பார்த்தது.
பிறகு
காதுகள் பின்னே போயின, முன்னே வந்தன,
ஒவ்வொரு மடக்குக்கும்
கைப்பம்பின் பிடிபோல.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
வாளியைத் தள்ளினாள்: இன்னும்.
தொட்டியே காலி.

கொத்தை ஏரித்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டேன்,
ஆறவைத்தேன், கொடுத்தேன்,
மறுபடி கொதிக்கவிட்டேன்.
இலைகள் தீர்ந்து வெறும் குச்சிகளாயின.

நாலு மணிக்கு விலாவில் காதை வைத்தேன்.
மேல்வீட்டார் வந்துவிட்டார்கள்.
கட்டிலை இழுக்கிறார்கள், பெட்டிகளை உருட்டுகிறார்கள்,
யாரோ மாடிப்படியில் தடதடவென்று.
இப்படியொரு நாராசத்தை
அசையாமல் நின்று கேட்டேன்.

விடிந்தபோது
கொட்டிலின் மூலையில் ஆவி பறக்க ஒரு குவியல்.
ஈரம். பச்சை. ஏழு உருண்டை.
இரண்டு தரம் எண்ணினேன்.

மின்சாரம் வெள்ளிக்கிழமை வந்தது.
ராய்மோ போன் செய்தான்:
"அண்ணி, தொட்டியைக் காலி செய்யாமல் வந்துவிட்டேன் போல…"
ஆமாம் என்றேன், கடுப்பாகவே.
பழக்கத்தை விட முடியுமா?